நான் தள்ளிய மேடு

மார்ச் 4, திங்கள்
இரண்டாவது வாரம். முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. முப்பது வருஷம் புல்டோசர் ஓட்டியவனுக்கு நடை எங்கே பழக்கம்? சூரிய மின்பண்ணைக்குப் பாதை போட, மர்ரே ஆற்றோரக் காட்டில் கோடு கிழித்திருக்கிறார்கள். அதில், வெள்ளைக்காரர் வருமுன்பே இங்கே வாழ்ந்த எங்கள் முன்னோர் விட்டுப்போன தடம் இருந்தால் நாங்கள் நாடா கட்ட வேண்டும். 22ஆம் தேதிக்குப் பிறகு, நாடா இல்லாத இடமெல்லாம் இயந்திரத்துக்கு. குழுவுக்குத் தலைவி டானிகா, என் அக்கா ரேலீனின் மகள். நான் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை, இன்று எனக்கு மேலதிகாரி.

மார்ச் 6
மானம் போயிற்று. பழைய மாட்டுப் பாதையோரம் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தில் நீளத் தழும்பு. தழும்பு வேர்வரை இறங்கினால் தீ தின்றது, இறங்காவிட்டால் மனிதன் பட்டை உரித்தது என்று டானிகா சொல்லித் தந்திருந்தாள். இது இறங்கவில்லை. ஓடம் செய்யப் பட்டை எடுத்த மரம் என்று கூவி, நாடாவும் கட்டிவிட்டேன். அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

"மாமா, இது டோசர் பிளேடு உரசினது. உங்களுக்கே தெரியலையா?"

குழுவே சிரித்தது. நானும்.

மார்ச் 7
பழுப்புப் பாம்பு ஒன்று. வேறொன்றும் இல்லை.

மார்ச் 12
இந்தச் சமவெளி மண்ணில் கல்லே கிடையாது. சுண்டுவிரல் அளவு ஒன்று கிடந்தாலும் யாரோ சுமந்து வந்ததுதான். ஐம்பத்தாறு வருஷம் இங்கே புழங்கியும் எனக்கு இது உறைக்கவில்லை, பார்.

மதியம் ஒரு கரிய மேடு. சுட்ட களிமண் கட்டிகள், சிப்பி ஓடுகள். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குழியடுப்பு மூட்டி உயர்ந்த மண். டானிகா ஒரு கட்டியை எடுத்துக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே, முன்பிருந்த பக்கமே மேலிருக்கும்படி வைத்தாள்.

"சில மேட்டுல ஆளுங்களையும் பொதைச்சிருப்பாங்க மாமா. பாத்து நடங்க."

இந்தக் கரிமண்ணை நான் எங்கே பார்த்தேன்? எங்கே என்று தெரியும்.

மார்ச் 14
கம்பெனி ஆள் பிரென்ட் வந்தான். மாட்டுப் பாதை வரும் முந்நூறு மீட்டரைப் பார்க்கத் தேவையில்லையாம்.

"அங்க ஏற்கெனவே எல்லாம் பொரட்டிப் போட்டாச்சு. என்ன மிஞ்சியிருக்கும்?"

அந்தப் பாதையை வெட்டியவன் நான். 94இல். முயல் வளை தோண்டிய மேடு, தள்ளிவிடு என்றார் மாட்டுப் பண்ணைக்காரர். தள்ளினேன். மெத்தென்ற மண், அரை மணி வேலை. ஆனால் பாதி மேட்டைத்தான் வெட்டினேன். மீதிப் பாதி, நான் தள்ளிய மண்ணுக்கு அடியிலேயே கிடக்கிறது. அது எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பண்ணைக்காரர் செத்துப் போனார்.

அந்த மரத்தை உரசியதும் நான்தான்.

மார்ச் 15
சொல்லவில்லை. சொன்னால் இனி என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் மீதியும் போகும். அன்றைக்கு அந்த மண்ணோடு யாரைத் தள்ளினேனோ — ஐயோ, யாரைத் தள்ளினேனோ.

மார்ச் 18
சொல்லிவிட்டேன். டானிகா வண்டியின் பின்புறம் உட்கார்ந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். மீதியைத் தாளில் சுற்றி வைத்தாள். "எந்தப் பக்கமா தள்ளினீங்க?" என்றாள்.

"கெழக்கால."

"வந்து காட்டுங்க." மாமா என்று சொல்லவில்லை.

மண்ணை விலக்க, கால் மணி நேரத்தில் அடியில் சிப்பி தெரிந்தது. மாலையில் அக்கா போனில் பிடித்தாள்.

"நம்ம கையாலயேவாடா?"

"ஆமாக்கா" என்றேன்.

"நாளைக்கும் வேலைக்குப் போ. பாதியில விட்டுட்டு வந்தா என் வாசல மிதிக்காத."

மார்ச் 22, வெள்ளி
பாதை எண்பது மீட்டர் மேற்கே நகர்கிறது. பிரென்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். படிவத்தில் 'சேதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் டானிகா 'பழைய பாதை வேலை' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அவள் படிவத்தை வாங்கி, 'இடத்தை அடையாளம் காட்டியவர்' என்ற கட்டத்திலும் அதே பெயரை எழுதினாள்.