ஒரு கட்டம்கூடக் காலியில்லை

பீளமேடு
16-2-97

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை ஓடவில்லை, அதனால் எங்கள் சுகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னோடு மில்லில் இருந்த மாசாணம் பேத்திக்குக் காது குத்தினார்கள், காரமடைக்குப் போய் வந்தோம். அம்மா பந்தியில் உட்கார்ந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எம்மக அமெரிக்காவுல நல்லா இருக்கறாளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நீ போன நாளிலிருந்து கண் எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று எழுதினாய். ஹீட்டர் காற்று கண்ணை உலர்த்துகிறது என்றார் இங்கே கண் டாக்டர். மில் காற்றுக்கு ஈரம் கொடுக்கிற பிளான்ட்டை இருபத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்டவனுக்கு இது தெரியாதா, காற்று காய்ந்தால் ஸ்பின்னிங்கில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் எதிர் வீட்டு சசிதர் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது இரண்டு தெர்மாமீட்டரும், மில்லில் போடுகிற மாதிரி காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாளும் கொடுத்தனுப்பினேன். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி இரண்டையும் பார்த்துக் காலையும் மாலையும் எழுது, அது போதும், ஈரம் எவ்வளவு என்று நான் சொல்கிறேன் என்றேன்.

தாள் வெள்ளிக்கிழமை வந்தது. முதல் வாரம் நூற்றுக்கு இருபதுதான் ஈரம், அதில் கண் எரியாமல் என்ன செய்யும். ஹீட்டர் பக்கத்தில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்த பிறகு நாற்பதுக்கு வந்திருக்கிறது, அதை விடாதே, பாத்திரத்தைத் தினமும் கழுவித் தண்ணீரை மாற்று. ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்காராதே. டி.வி.யைக் கண் கொட்டாமல் பார்க்காதே, வேண்டுமென்றே கண்ணை மூடித் திற, அடிக்கடி தூரத்தில் எதையாவது பார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு பொறுக்கிற அளவுதான், மூடின கண்மேல் ஐந்து நிமிஷம் வை. கசக்காதே. அம்மா விளக்கெண்ணெய் விடச் சொல்வாள், சரி என்று சொல்லிவிட்டு எண்ணெய் விடாமல் இரு.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். தினம் இரண்டு தடவை போதும் என்றேன், நீ எட்டுத் தடவை எழுதியிருக்கிறாய். இருபத்தெட்டு நாளில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. என் சர்வீஸில் அப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை, டீ குடிக்கப் போனவன், சாப்பிடப் போனவன், லீவு போட்டவன் என்று காலி இருந்தே தீரும். முழுசாக வந்தால் மாசாணம் கேண்டீனில் உட்கார்ந்து கற்பனையில் நிரப்பியது என்று அர்த்தம். உன்னையும் அப்படித்தான் நினைத்தேன் கண்ணு, அப்படியே இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் சமைக்கிற நேரத்தில் ஈரம் ஏறி அப்புறம் இறங்கியிருக்கிறது, ஒரு நாள் இருந்த எண் இன்னொரு நாள் இல்லை. இது நேரில் பார்த்து எழுதின தாள். போன மாசம் பதினெட்டாம் தேதி தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போய்ப் பகலெல்லாம் இருந்தோம் என்று போனில் சொன்னாய், அன்றைக்குப் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக் கட்டம் எல்லாம் நிறைந்திருக்கிறது. நீ அந்த வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை.

போனில் கேட்கலாமென்றால் மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் எல்லாம் நல்லா இருக்குதுங்கப்பா என்பதைத் தாண்டுவதில்லை. பனியா, கார் ஓட்டத் தெரியாததா, போகாதே என்று சொல்கிறாரா, எனக்குத் தெரியாது. இதை அவர் படித்தாலும் படிக்கட்டும். இங்கே காலேஜ் வேலை கைக்கு வந்தபோது வேண்டாம் என்று தடுத்து, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான். அம்மாவிடம் தாளைக் காட்டவில்லை, நானும் இங்கே வாயைத் திறக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் நேற்று எழுதிப் போட்டுவிட்டேன்.

இத்துடன் புதுத் தாள் வைத்திருக்கிறேன். அதில் காலி கட்டங்கள் வரவேண்டும் அம்மணி. ஒவ்வொரு காலிக்கும் நீ தெருவில் நடந்தாய் என்று எடுத்துக்கொள்வேன். மறுபடியும் நிறைந்து வந்தால் யாரையும் கேட்க மாட்டேன், வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், ஊர் என்ன பேசினாலும் சரி. ரங்கநாதர் உனக்குத் துணை இருப்பார், நீ நன்றாக இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று மட்டும் உடனே எழுது. அந்த வீட்டுச் சாவி ஒன்று உன் கையில் இருக்கிறதா?

உன் அப்பா
பாலுசாமி