என் நெஞ்சு வீங்கியது உங்களால் அல்ல

ஸாரியா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரகியா அக்காவுக்கு,

உங்கள் சக்களத்தி தலாத்துவின் ஸலாம். ஜோஸில் குளிர் அதிகம் என்கிறார்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணனும் அண்ணியும் சுகம்தானே? இங்கே நான் நலம். அல்ஹம்துலில்லாஹ். இப்போதெல்லாம் ஒரே தலையணையில் படுத்துத் தூங்குகிறேன். இந்த ஒரு வரியைப் படித்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். மற்றவர்களுக்கு இது ஒரு சேதியாகவே தோன்றாது.

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பிரசவமான அண்ணிக்கு உதவியாகப் போயிருக்கிறீர்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நானும் இத்தனை மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் பக்கத்து வீட்டு மாரியா உண்மையைச் சொன்னாள். நான் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது, நம் மாமியார் தேலு அத்தை முற்றத்தில் நின்று, "பிள்ளை இல்லாதவ வயித்தெரிச்சல்தான் எம் மருமகளோட நெஞ்சுல இறங்கிடுச்சு" என்று கத்தினாளாமே. நம் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லையாமே. நீங்கள் பெட்டியைக் கட்டினீர்களாம்.

அக்கா, என்னைக் காப்பாற்றியவர் யார் என்று எனக்குத் தெரியும். லராபா பிறந்த பிறகு கால் வீங்கியபோது எல்லோரும் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அத்தை காலையும் மாலையும் கொதிநீரில் வேப்பிலைக் கொத்தை முக்கி என் உடம்பில் அடித்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டும் என்று கட்டிலுக்கு அடியில் நெருப்பு மூட்டினாள். கன்வா உப்புப் போட்ட கம்பங்கஞ்சியைக் குடம் குடமாகக் குடிக்கவைத்தாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் படுத்தால் தண்ணீருக்குள் அமுக்கியது போல மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கண்ணயர்வேன். அதை நீங்கள் ஒருவர்தான் கவனித்தீர்கள். சுபுஹு தொழுகைக்கு எழுந்தவர் என் அறைக்குள் வந்து, என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். விழுந்த குழி மேலே எழவே இல்லை. "அடியே, இது பிள்ளை பெத்த வீக்கம் இல்ல. எந்திரி, போலாம்" என்றீர்கள். அத்தை வாசலை மறித்து, சக்களத்தி கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருவாளா என்று கேட்டதற்கு, "திரும்பி வரலன்னா என்னையும் அங்கேயே புதைச்சிடுங்க, இப்ப வழிய விடுங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையையும் முதுகில் கட்டிக்கொண்டு வாடகை மோட்டார் சைக்கிளில் என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்தீர்களே. அதுவரை நாம் இருவரும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

மாரியா சொன்னதைக் கேட்ட பிறகு, இந்த முறை ஆஸ்பத்திரிக்கு அத்தையையும் வீட்டுக்காரரையும் வலிய இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஆசாபே என் மார்பில் பசையைத் தடவி, திரையில் இதயத்தை அவர்களுக்குக் காட்டினார். இதயம் நின்றுபோகும் நோய் இல்லையாம் இது. நின்றுபோகாமலே களைத்துப்போகும் நோயாம். இதயத் தசை தளர்ந்து பெரிதாகிவிடுகிறது. வரும் ரத்தத்தை முழுதாகத் தள்ள முடியாமல் போகிறது. அதனால் நீர் பின்னால் தேங்கி, நுரையீரலிலும் காலிலும் இறங்குகிறது. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு இப்படி வருகிறதாம். ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நிலையில் உப்பும் அவ்வளவு சூடும் சுமையை ஏற்றிவிடும் என்றார்.

அத்தை விடவில்லை. "சக்களத்தி வயித்தெரிச்சல்ல நெஞ்சு வீங்காதா டாக்டரம்மா?" என்று கேட்டேவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுல நாங்க மூணு பொண்டாட்டிங்க அத்தை. வயித்தெரிச்சல்ல நெஞ்சு வீங்கும்னா இந்த ஊர்ல ஒரு பொம்பளையும் நடமாட முடியாது." பிறகு சிரிப்பை நிறுத்தி, "அன்னிக்கு இவள இங்க கொண்டுவந்தது யாரு? இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் செய்ய ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். நம் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது இதயம் முன்னைவிட நன்றாகச் சுருங்குகிறதாம். முழுதாகத் தேறினாலும் தேறலாம், மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தக்கூடாது என்றார். தினமும் காலையில் எடை பார்க்கிறேன். எடை திடீரென்று ஏறினால் நீர் கட்டுகிறது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். நீர் இறக்கும் மாத்திரை என்னைக் கழிப்பறைக்கும் அறைக்குமாக அலைக்கழிக்கிறது. உப்பும் இல்லை, மசாலாக் கட்டியும் இல்லை. புளியும் இஞ்சியும் போட்டு அத்தையே எனக்குத் தனியாகச் சமைக்கிறாள். "இத ஆடு கூடத் திங்காது" என்று திட்டிக்கொண்டே செய்கிறாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது அக்கா. உங்களுக்காக ஒரு டப்பா நிறைய வேர்க்கடலைக் குலிகுலி பொரித்து வைத்திருக்கிறாள். அதை அவள் கேட்கும் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயச் சுமையோடு ஜோஸுக்கு வரும் நம் வீட்டுக்காரரிடம்தான் இந்தக் கடிதத்தையும் டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். சுமையை இறக்கிவிட்டு உங்கள் அண்ணன் வாசலில் வந்து நிற்பார். உள்ளே கூப்பிடும்வரை நிற்கட்டும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் இஷ்டம். அன்று பேசாததை அவர் இன்று உங்கள் அண்ணன் முன்னாலேயே பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறார்.

அடுத்த பிள்ளையைப் பற்றியும் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். அதை இந்தத் தாளில் எழுத மனம் வரவில்லை. நீங்கள் வந்தால் உங்களிடம் மட்டும் சொல்வேன்.

லராபா தவழ்கிறாள். முற்றத்தைக் கடந்து உங்கள் அறைக் கதவைத்தான் போய்த் தட்டுகிறாள். கூடிய சீக்கிரம் நடப்பாள், பிறகு ஓடுவாள். என்னால் வேகமாக நடக்க முடிகிறது, அக்கா. ஓட முடிவதில்லை.

நீங்கள் எனக்குச் செய்ததற்கு அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்த ஆயுளை எங்களோடு கழிக்க உங்கள் மனதை இளக்கட்டும்.

நன்றியோடு,
உங்கள் தங்கை
தலாத்து