தேவசகாயம் அங்கிள் யாருடைய கேஸ்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவு: இன்று முதல் கேன்டீனில் ஜன்னலோர மேஜையில் உட்காருவதில்லை. முடிவு உடனடியாக அமலுக்கு வந்தது. முன்னறிவிப்பு கொடுக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

காரணம், அங்கே ஸ்ராவணி உட்காருகிறாள். (இனி ஸ்ரா. முழுப் பெயர் எழுதி அவளுக்கு இடம் கொடுப்பதாக இல்லை.)

எங்கள் பிசியோதெரபி வகுப்புக்கு இப்போது நியூரோ வார்டில் போஸ்டிங். ஆளுக்கு ஒரு நோயாளி. தேவசகாயம் அங்கிள் எங்கள் சர்ச். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். அப்பாவுக்கு அவர் அண்ணாச்சி. ஸ்ட்ரோக் வந்து இடது கை, இடது கால் போச்சு. நான் ஞாயிறு பள்ளியில் வசனம் மறந்து நின்றதைப் பார்த்தவர். அவரைத் தூக்கி ஸ்ரா.வுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர். வாய் ஒரு பக்கம் கோணிய கேஸ். தானாகவே சரியாகி வருகிறார். என்னைப் பார்த்து இப்போது இரண்டு பக்கமும் சிரிக்கிறார். என் பங்களிப்பு எதுவும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அங்கிளின் மனைவி, ஸ்டெல்லா ஆன்ட்டி, டிபன் பாக்ஸோடு வந்தார். எலுமிச்சை சாதம், அப்பளம். ஸ்ரா.வுக்கு. எனக்கு, "நல்லாருக்கியாம்மா? அம்மா சுகமா?" சுகம் என்றேன்.

ஸ்ரா. வைத்தியம் செய்யும் முறை: அவரை ஸ்டூலில் உட்கார வைக்கிறாள். எழுந்திருக்கச் சொல்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அவர் நடுங்குகிறார், வியர்க்கிறார், அரை உயரம் எழும்பி மறுபடி உட்காருகிறார். தொடுவதில்லை. விழப்போனால் மட்டும் ஒரு விரல். இதற்கு எதற்கு நாலு வருடப் படிப்பு? கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்கள் தெரு வாட்ச்மேனுக்கும் தெரியும்.

ஆனால் அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்தத் தெலுங்குப் பிள்ள ரொம்பக் கண்டிப்பு. ஆனா ராசியான பிள்ள."

நான் ராசியில்லாத பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

அங்கிளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீடு லாலாகுடாவில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. மாதக் கடைசியில் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் படி ஏறினால் சொந்த வீடு. இல்லையென்றால் குஷாய்குடாவில் மகள் வீடு, தரைத்தளம். மகள் அறையே ஒழித்து வைத்துவிட்டாள்.

"குஷாய்குடா நக்கோ, வேணாம்மா," என்றார் என்னிடம். "மக தங்கம். மாப்பிள்ளையும் தங்கம். ஆனா நான் தமிழ்ல கேட்டா பேரப்பிள்ளைங்க இந்தியில பதில் சொல்லுது. சாயங்காலம் வீட்டுக்குக் கீழ நாலு பேரோட டீ குடிச்சாத்தாம்மா எனக்குப் பொழுது போகும்."

மதியம் அபர்ணா மேடத்தைப் பார்த்தேன். போஸ்டிங் அவர் பொறுப்பு. நோயாளிக்குக் கட்டளைகள் தாய்மொழியில் போய்ச் சேர வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் விளக்கினேன். அங்கிள் நாற்பது வருடமாகத் தெலுங்கும் உருதுவும் பேசுகிறவர் என்ற விவரம் அவசியப்படவில்லை. மேடம் போனில் இருந்தார். மாற்றிக்கொள்ளுங்கள் என்று கையசைத்தார்.

இனி அங்கிள் எனக்கு, ஸ்ரா.வுக்குச் சூப்பர்வைசர். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. போகும்போது தெலுங்கில் ஒரு வார்த்தை: பிடிச்சுக்கோ என்று கேட்பார், பிடிக்காதே.

நன்றி சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

ஸ்டூலிலிருந்து எழும்பினார். பாதியில் நடுக்கம். "ஏ பிள்ள, கொஞ்சம் பிடியேன்."

பிடித்தேன். பெரியவர்கள் விழுவதைக் கைகட்டி வேடிக்கை பார்க்க ஞாயிறு பள்ளியில் சொல்லித்தரவில்லை. ஒரு கை அவர் முழங்கைக்கடியில், ஒரு கை முதுகுப் பக்கம் இடுப்புப் பெல்ட்டில். லிஃப்ட் மாதிரி எழும்பினார். நடைப் பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே அந்தக் கடைசி வரை போய்த் திரும்பினோம்.

ஆன்ட்டியிடம் உரக்கச் சொன்னார்: "இவ்வளவு நாள் இப்படி லேசா வரலியே ஸ்டெல்லா. எஸ்தர் கையில என்னமோ இருக்கு."

அடுத்த கட்டிலில் ஸ்ரா. கேட்டதா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கேட்டிருந்தது.

ஜூலை 17, புதன்

டிபன் பாக்ஸ் எனக்கு. சேமியா, தேங்காய்ச் சட்னி, ஒரு அதிரசம். அதிரசம் ஸ்ரா.வுக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

வலது தோளில் வலி. காரணம் தெரியவில்லை. பஸ் கம்பியாக இருக்கலாம்.

கை கழுவும் இடத்தில் ஸ்ரா. வந்து நின்றாள். அவர் எடை முழுக்க உன் கையில்தான் இருக்கிறது, அந்த இடது கால் கொஞ்சமும் தாங்கவில்லை என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், யாருக்கும் கேட்காமல். பொறாமை ஒரு மனுஷியை என்ன பாடுபடுத்துகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுவே முதல் முறை. அவளுக்காக ஜெபித்தேன். சுருக்கமாக.

வாங்க: சோப்பு, இஞ்சி, வலி மருந்து (தோளுக்கு).

ஜூலை 19, வெள்ளி

கேஸ் பிரசன்டேஷன். மேடம், வெளியிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், வகுப்பு முழுவதும். அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையில். பெல்ட் சட்டைக்குள்.

பயிற்சிக்கு வைத்திருக்கும் மரப் படிகளில் ஏறினார், இறங்கினார். என் கை லேசாகத் தொட்டபடி. பார்ப்பவர்களுக்கு லேசாக. கைதட்டல். மேடம், "வெரி குட், எஸ்தர்." ஆன்ட்டி அழுதுவிட்டார். அங்கிள் டாக்டருக்கு சல்யூட் வைத்தார், நல்ல கையால்.

ஸ்ரா.வும் தட்டினாள். கண் மட்டும் என் புறங்கையில் புடைத்திருந்த நரம்பில்.

ஜூலை 21, ஞாயிறு

போனாலு திருவிழா. ரோடெல்லாம் அம்மன் கோயில் கூட்டம், சர்ச்சுக்கு நடந்தே போனோம். பாஸ்டர் ஐயர் அறிவிப்பில் சொன்னார், சகோதரர் தேவசகாயம் விரைவில் வீடு திரும்புகிறார் என்று. வெளியே சேவியர் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். தே. அங்கிளோடு தினமும் டீ குடிக்கிறவர்.

"மாடி ஏறிருவானாம்மா?"

"ஏறிட்டாரே அங்கிள்."

"அப்ப சரி. டீக்கடைக்காரன் வேற கேட்டுக்கிட்டே இருக்கான்."

அம்மா என் தோளைத் தொட்டுப் பெருமைப்பட்டாள். வலித்தது.

ஜூலை 22, திங்கள்

யாரும் இல்லாதபோது ஒரு சோதனை. நடக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையைத் தளர்த்தினேன். முட்டி மடிந்தது. பிடித்துவிட்டேன். "என்னம்மா, தூக்கமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாளை மறுநாள் நிஜப் படிக்கட்டில் டெஸ்ட்.

கேன்டீன். ஜன்னலோர மேஜைக்குப் போனேன். எப்படிக் கையை எடுப்பது, எவ்வளவு நாள் ஆகும், அதைத்தான் கேட்கப் போனேன். ஸ்ரா. என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள்.

இந்த நாற்காலி காலியா என்று கேட்டேன். காலி என்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 24, புதன்

மழை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு முழுக்க ஈரச் செருப்புத் தடம். துடைக்கச் சொன்னார்கள். அதில் கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம்.

மேடம் மேலே நின்றார். நான் அங்கிளுக்குப் பின்னால், ஒரு படி கீழே. "ஹேண்ட்ஸ் ஆஃப், எஸ்தர்."

அங்கிள் நல்ல கையால் கம்பியைப் பிடித்தார். காத்திருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"கை எங்கம்மா?"

"நீங்களே ஏறுங்க அங்கிள்."

"நானேயா?"

கோபமில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். இடது காலைப் பார்த்தார், யாரோ அங்கே விட்டுப்போன சாமானைப் போல. மறுபடி முயன்றார். வியர்வை. பிறகு சொன்னார், "அந்தப் பிள்ளையக் கூப்பிடு."

மேடமே கூப்பிட்டார். ஸ்ரா. வந்தாள். நான் நின்ற இடத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். உருதுவில் அவரோடு ஏதோ பேசினாள், அவசரமே இல்லாமல். அவர் பல்லைக் கடித்து ஒரு படி ஏறினார். ஒரே ஒரு படி. ஏறி நின்று ஆடினார், விழவில்லை. அடுத்ததற்குக் கால் வரவில்லை.

எல்லோரும் அந்த ஒரு படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போதும் தோன்றியது, அது அவளுடைய படி.

இன்னும் இரண்டு வாரம் கொடுத்தால் ஏற்றிவிடலாம் என்று மேடத்திடம் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கட்டில் இல்லை என்றார் மேடம். ஆன்ட்டி வராந்தாவுக்குப் போய் மகளுக்குப் போன் செய்தார்.

ஜூலை 27, சனி

தூறல். தே. அங்கிள் டிஸ்சார்ஜ். மாப்பிள்ளை கார் கொண்டுவந்தார். ஆன்ட்டி எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கெட். அங்கிள் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார், பிறகு ஸ்ரா. தலையில். எது அதிக நேரம் என்று கவனித்தேன். சமம்.

மாலை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். லாலாகுடாவில் அவர்கள் வீட்டு கேட்டில் டு-லெட் போர்டு. இரண்டாவது மாடி, குடும்பத்தினருக்கு மட்டும்.