எதிர்க்கடைப் பேனா

வியாழக்கிழமை, மாரண்டஹள்ளி

எங்க வூட்டுக்காரரு வலது கையை அருவாளால வெட்டினவனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க. சாட்சிகிட்ட நெருங்கக் கூடாதாம், தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணுமாம். சாட்சி நான்தான். ஸ்டேஷனுக்கு நேர் எதிர்லதான் என் தையல் கடை. உத்தரவு போட்ட மகராசன் இந்தத் தெருவைக் கண்ணால பாத்திருப்பாரா?

இன்னைக்குக் கடை வாசல்ல வந்து நின்னான். "அக்கா, கையெழுத்துப் போடணும், ஒரு பேனா குடுங்க"ன்னு பல்லைக் காட்டினான். ஸ்டேஷன்ல பேனா இல்லையாம். பேனாவுக்கே வக்கில்லாதவங்கதான் எனக்குக் காவல்! டீக்கடையில நின்ன ஏட்டு சிரிச்சாரு. தூ, நானும் எடுத்துக் குடுத்தேன். திருப்பித் தந்துட்டு, "நாளைக்கும் வரேங்கக்கா"ன்னான்.

அதே பேனாவுலதான் இதை எழுதறேன். நல்லா கையெழுத்துப் போடத் தெரிஞ்ச எங்க வூட்டுக்காரரு நேத்து ஆஸ்பத்திரி ஃபாரத்துல இடது கையால கைநாட்டு வச்சாரு.