பின்னறையின் அளவு

புதுக்குடியிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கௌசலாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஒஸ்லோக் குளிருக்குள் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நீ கதைக்கும்போதெல்லாம் தனக்குக் காது கேட்காது என்று அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். இந்த விஷயம் அப்படி அவர் காதில் விழக்கூடாது.

மெசின் கதையில் இருந்தே வருகிறேன். அம்மாவின் முழங்காலுக்கு நடை கூடாது, இருந்துகொண்டு செய்கிற பயிற்சிதான் நல்லது என்று கிளினிக் டொக்டர் சொன்னதும், துடுப்பு வலிக்கிற மெசின் ஒன்று அனுப்புகிறேன் என்றாய். எந்த வகை என்று எங்களையே தெரிவு செய்யச் சொன்னாய். நான் அதை ஒரு புதுப் பாடம் போல எடுத்துக்கொண்டு, வவுனியாவில் ஒரு கடையில் இரண்டு வகை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒன்று காந்தம் வைத்தது. சைக்கிள் டைனமோவை டயரில் முட்டவிட்டால் மிதிக்கப் பாரமாகுமே, ஏறத்தாழ அப்படி. சத்தம் இல்லை. மற்றது தண்ணீர்த் தொட்டி வைத்தது. வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுக் கலக்கிப் பார். மெல்லக் கலக்கினால் இலேசு, விசையாகக் கலக்கினால் தண்ணீர் மறிக்கும். அதுதான் அதன் தத்துவம். எனக்குக் காந்தம் பிடித்தது. ஆனால் அதன் இருக்கை மணைக்கட்டை போலத் தரையோடு பதிவு. அம்மா இருந்துவிட்டார், எழும்ப முடியவில்லை. நானும் கடைக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க, "விடுங்கோ, நான் இதிலயே வீட்டை போறன்" என்று சிரித்தார். தண்ணீர் மெசினின் இருக்கை கதிரை உயரம். இழுக்க இழுக்கத் தண்ணீர் அலம்புகிற சத்தம் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அதுதான் தண்ணீர் மெசின் என்று உனக்குச் சொன்னோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் படித்த சஜீவனைக் கண்டோம். இப்போது முள்ளிவாய்க்காலில் கடலுக்குப் போகிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சேர், நாங்கள் வயித்துப்பாட்டுக்குத் துடுப்பு வலிக்கிறம், நீங்கள் காசு குடுத்து வலிக்கப் போறியளோ?" என்றான். அம்மா விடவில்லை. "நீ எப்பயடா வலிச்சனி? எஞ்சினை இழுத்து விட்டிட்டு நித்திரை கொள்ளுறனி" என்றார். பஸ்ஸே சிரித்தது. அம்மா அப்படிச் சிரித்துக் கதைத்து எவ்வளவு காலம்!

பிறகு நீ அளவுகள் கேட்டாய். முதலில் பின்னறை. பிறகு, பெட்டி உள்ளே வர வேண்டும் என்று வாசல்கள். பிறகு கூடம், குசினி. கடைசியில் ஒழுங்கையிலிருந்து கிணற்றடி வரைக்கும் காணி. மெசினுக்கு ஏன் கிணற்றடி என்று ஒரு கணம் யோசித்தேன். லொறி திரும்ப இடம் வேண்டும் என்றாய். சரிதானே என்று போய் அளந்தேன். அம்மா நாடாவின் மற்றத் தலைப்பைப் பிடித்தார். பின்னறையின் தென்கிழக்கு மூலையில் மாரிக்குச் சுவர் ஊறும், இரும்பு கறள் பிடிக்கும், மெசினை மற்றப் பக்கம் வைக்கலாம் என்று நானாகவே எழுதினேன். அதை நீ கேட்கவும் இல்லை.

மெசின் கப்பலில் ஏறிவிட்டது என்று நீ சொன்னதும் அம்மா அறையை ஒதுக்கினார். நீ வந்தால் படுக்கிற கட்டிலைக்கூடப் பக்கத்து வீட்டுக் கஜனிக்குக் கொடுத்துவிட்டார். "பிள்ளை வந்தா என்னோட பாயில படுக்கட்டும். மெசினும் அவள் தாறதுதானே" என்றார்.

போன கிழமை அம்மா கிளினிக்குக்குப் போயிருந்த நேரம் ஓமந்தையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. உனக்குத் தெரிந்தவர்கள் என்றார்கள். இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண்பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள்: "சேர், பின்னறையில மழைக்குச் சுவர் ஊறுமெண்டு கௌசலா அக்கா சொன்னவா. எந்த மூலை?"

நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், கௌசலா. வேறென்ன செய்ய? அவளுடைய கணவன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அளவெல்லாம் நீங்கள் எடுத்ததாமே சேர், வலு திருத்தம், ஒரு அங்குலமும் பிசகேல்லை" என்றார். தைக்குப் பிறகு நாங்கள் வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவோமாம். அதையும் அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

வீடு உன்னுடையது. உன் கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிய அன்றைக்கே அது உன்னுடையதாகிவிட்டது. நாங்கள் இருப்பது நீ விட்டதால். அங்கே உனக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. "அப்பா, வீட்டை விற்கப் போகிறேன், அளந்து தாருங்கோ" என்று கேட்டிருந்தாலும் இதே நாடாவோடு இதே திருத்தமாக அளந்து தந்திருப்பேன். இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன், ஆனால் அளந்திருப்பேன். எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்லுகிறவன் நான். இதற்கு ஒன்று தேடிப் பார்க்கிறேன், வரவில்லை. இத்தனை வருட வகுப்பில் ஒரு பிள்ளையும் எனக்கு இப்படிச் செய்ததில்லை.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் பழைய சேலை ஒன்றைப் பின்னறை ஜன்னல் கம்பியில் கட்டி, கதிரையில் இருந்து, கடைக்காரர் காட்டியது போல இழுத்துப் பழகுகிறார். மெசின் வரும்போது கை பழகியிருக்க வேண்டுமாம். "முதுகு நேரா இருக்கோ, பாத்துச் சொல்லுங்கோ" என்கிறார். நேராக இருக்கிறது என்கிறேன். ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்டால் சேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறார். இந்தப் பொய்யில் இப்போது என் பங்கும் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மெசின் வருகிறதா இல்லையா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடு. என்னோடு கதைக்க வேண்டாம். போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நான் முற்றத்துக்குப் போய்விடுவேன். உன் வாயால் நீயே சொல்லு. ஓமந்தைக்காரர் அடுத்த முறை வரும்போது அம்மா வீட்டில் இருப்பார்.

நீ நல்லாயிரு மகள். பேரப்பிள்ளைகள் நல்லாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும். நாளைக்கு அவர்கள் உன்னிடம் ஏதாவது ஒன்றின் அளவைக் கேட்டால், எதற்கென்று சொல்லிக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நாடாவை இன்னும் மேசையில் வைத்திருக்கும்
உன் அப்பா,
சிவராசா