வியாழக்கிழமை வரைக்கும் வராமல் இருக்கணும்

10-10-46, வியாழன்

வெயில். மழை இன்னும் தலைகாட்டவில்லை. தீபாவளிக்கு ரெண்டு வாரம். மயிலாப்பூரில் தையல் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள் போல.

பாக்கி: வக்கீல் வீட்டம்மாவுக்கு நாலு ரவிக்கை. அபிராமபுரம் டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு ரெண்டு, பஃப் கை. சித்திரக்குளம் டீச்சருக்கு ஒன்று. ரேஷன் கூப்பனில் வாங்கின துணி, போதாது. முழங்கை வரைக்கும் கை வேணுமாம். போதாதென்றால் முறைக்கிறாள்.

இன்னும் ஏழு நாள். அடுத்த வியாழன் சாயங்காலம் கோர்ட் மூடுகிற வரைக்கும் அவர் வராமல் இருக்கணும்.

வக்கீல் சொன்னதை மறுபடி எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது. புருஷன் எங்கே இருக்கிறான் என்று நாலு வருஷம் தெரியாவிட்டால் முஸ்லிம் பெண்சாதி கோர்ட்டுக்குப் போய் நிக்காஹ்வை ரத்து பண்ணிக்கொள்ளலாம். ஏப்ரலில் ஜட்ஜ் ரத்து பண்ணிவிட்டார். ஆனால் ஆறு மாசத்துக்கு அது செல்லாது. அதற்குள் அவர் கோர்ட்டில் வந்து நின்று, "இவளோடு குடும்பம் நடத்தத் தயார்" என்று சொன்னால் போச்சு. தீர்ப்பு குப்பைக்கு. நான் பழையபடி காசிம் பெண்டாட்டி.

நாற்பது நாள் குடும்பம். பிறகு பினாங்குக்குக் கப்பல். ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு கடுதாசி. ஜப்பான்காரன் சண்டை வந்தது, கடுதாசி நின்றது. சண்டை முடிந்தது, கடுதாசி நின்றது நின்றதுதான்.

சாகணும் என்று நினைக்கவில்லை, அல்லா அறிய. நன்றாக இருக்கட்டும். பினாங்கிலேயே இருக்கட்டும்.

மாமி, அவரைப் பெத்தவள், என்னோடுதான் இருக்கிறாள். தொழுதுவிட்டு மகன் வந்து சேரணும் என்று சத்தமாக துஆ. "மாமி, அடுத்த வெள்ளிக்கு மேலே வரட்டும்னு கேளுங்களேன்" என்றேன்.

"அல்லாவுக்கு நான் தேதி போட்டுக் குடுக்கணுமா? மிஷினை ஓட்டு, புள்ளே."

இதே மாமிதான் கோர்ட்டில் எனக்குச் சாட்சி. மகனிடமிருந்து கடுதாசி வந்ததா என்று கேட்டதற்கு, "பெத்தவளுக்கே எழுதாதவன் கட்டினவளுக்கா எழுதுவான்?" என்று ஜட்ஜையே திருப்பிக் கேட்டாள். அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

11-10-46, வெள்ளி

புழுக்கம். ஊசி உடைந்தது, ரெண்டு.

காலையில் ரிக்‌ஷாக்காரர் கோவிந்தன் வாசலில். "இன்னா அக்கா, விசயம் தெரியுமா? பினாங்கு கப்பல் வந்துகீது. ஆர்பர்ல ஒரே கூட்டம்." நல்ல சேதி சொல்கிற முகம். அவருக்கு எங்கே தெரியும்.

இதில் ஒரு கூத்து, எனக்குக் காசிம் முகமே சரியாக ஞாபகம் இல்லை. போட்டோ கிடையாது. ஞாபகம் இருக்கிறவை:
1. குறட்டை.
2. பாகற்காய் ஆகாது.
3. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்".
4. மாமி கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்.

இதை வைத்துக்கொண்டு தெருவில் ஒரு ஆளை எப்படி அடையாளம் பிடிப்பது?

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார் ஒரு தாடிக்காரர், கையில் பை. "வீட்டில் ஆண்கள் யாராவது?" என்றார். "இல்லை, வரவும் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டேன். ரேஷன் ஆபீஸிலிருந்து தலை எண்ண வந்தவராம். மாமி பின்னாலேயே ஓடிப்போய்க் கூட்டி வந்து மோர் கொடுத்தாள். அட்டையில் ரெண்டு பேர் என்று சரியாக எழுதிக்கொண்டு போனார்.

12-10-46, சனி

வக்கீல் வீட்டுக்கு ஒரு ரவிக்கை கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பலைச் சொன்னேன்.

வக்கீல்: "வந்தா வரட்டுமே. கோர்ட்டுக்கு வரணும், நேர்லயோ அவன் அனுப்பின ஆள் மூலமாவோ. குடும்பம் நடத்தத் தயார்னு ஜட்ஜை நம்ப வெக்கணும். தெருவுல நடந்து போனா ஒண்ணும் ஆகாது. பயப்படாதேம்மா."

உள்ளேயிருந்து வக்கீலம்மா: "பயப்படாதேன்னா எப்படி? நீங்க ஆத்துல உக்காந்துண்டு சொல்லிடுவேள். கப்பல்ல வந்தவனைக் கையைப் பிடிச்சு இழுத்துண்டு போக அவாத்துல ஆள் இல்லையா?"

இருக்கிறார். ராயப்பேட்டைப் பெரியத்தா. காசிமுக்குப் பெரியப்பா முறை. கேஸ் நடக்கும்போதே எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கம் கிடையாது என்று கோர்ட்டில் குதித்தவர்.

பிறகு அந்தம்மா ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டியம்மா, ரத்தானப்புறம் உன் மாமியார் உனக்கு என்ன உறவு?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டத்தில் அதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான்.

13-10-46, ஞாயிறு

வந்துவிட்டார்.

லஸ்ஸில் ட்ராமுக்கு நின்றேன். குண்டாக ஒரு ஆள், கண்ணாடி, பூப்போட்ட சட்டை, குடை, வழித்த முகம். "நீங்க தையல் தைக்கிற ஜைனம்புதானே?"

"தீபாவளிக்கு முடியாது. பொங்கலுக்கு வாங்க."

"நான் காசிம்."

"எந்தக் காசிம்?"

தலையைக் குனிந்துகொண்டார். "உன்..." என்று இழுத்தார். மூணு நாளாக ஊரில் உள்ள தாடியையெல்லாம் பார்த்து நடுங்கினவளுக்கு, வந்தது இது.

வெள்ளியன்றே இறங்கிவிட்டாராம். கச்சேரி ரோடு சலூனில் தாடி எடுக்க உட்கார்ந்திருக்கிறார். யாரென்று தெரியாமல் கடைக்காரன் என் கதை முழுக்கச் சொல்லி, வியாழக்கிழமை கணக்கு வரைக்கும் ஒப்பித்திருக்கிறான். அப்படியே திருவல்லிக்கேணிக்குப் போய் ஒரு மெஸ் மாடியில் அறை.

பினாங்கில் பெண்டாட்டி, ரெண்டு பிள்ளை. "அவ நல்லவ" என்றார். நானும் ஆமாம் என்பது போல் தலையாட்டினேன், ஏன் என்று தெரியவில்லை. அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்பணுமாம்.

"தலாக்னு எழுதி ஒரு கடுதாசி போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. கோர்ட் எதுக்கு?"

"எழுதணும்னுதான். அம்மா என்ன சொல்லுவாங்களோன்னு."

"இப்போ சொல்லுங்க. நிக்கிறேன்."

ட்ராம் வந்தது. ட்ராமைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். அப்புறம் மெதுவாக, "கோர்ட்டே பண்ணிட்டா கோர்ட் பண்ணினதுன்னு போயிடும். நான் விட்டேன்னு அம்மா சொல்ல முடியாது. வியாழன் தாண்டறவரைக்கும் நான் வந்ததை யாருக்கும் சொல்லாதே."

என் புருஷனை நான் ஒளித்து வைக்கணும், அவர் என் புருஷன் இல்லாமல் போகிற வரைக்கும். சரி என்றேன். வேறு என்ன செய்ய? இந்த மனுஷர் கையை யார் பிடித்து இழுத்தாலும் அவர்கள் பக்கம் போவார். பெரியத்தா பார்த்தால் கோர்ட்டுக்கு இழுத்துப்போவார். இவர் அங்கே நின்று தயார் என்பார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவருக்காக இல்லை. இந்த ஆளுக்கா ஆறு வருஷம் பயந்தேன் என்று கோபம். அழுதுகொண்டே டாக்டர் வீட்டு பஃப் கையைச் சுருக்கம் வைத்து முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

14-10-46, திங்கள்

மேகம். தூக்கம் இல்லை. மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மகன் ரெண்டு மைல் தூரத்தில் இருக்கிறான், இவள் என் காய்ச்சலைப் பார்க்கிறாள்.

வக்கீலிடம் போய், "ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன், அவரே வந்து, அவரே கோர்ட்டுக்குப் போக வேண்டாம்னு இருந்தா?" என்றேன்.

வக்கீல் எழுந்து நின்றுவிட்டார். "நீ என்னை ஒண்ணும் கேக்கலை. நான் ஒண்ணும் காதுல வாங்கலை."

உள்ளேயிருந்து: "நான் கேட்டுட்டேன். போகலேன்னா போகலைதானே? அவன் இஷ்டம். நீங்க உக்காருங்கோ, காபி ஆறறது."

15-10-46, செவ்வாய்

மழை. கொட்டோ கொட்டு. சந்தில் முழங்கால் தண்ணீர்.

மத்தியானம் மாமி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பின்வாசலில் யாரோ இருமினார்கள். பார்த்தால் இவர், சொட்டச் சொட்ட. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். சாம்பாரில் தினமும் பாகற்காயாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவுகோலால் அடித்திருப்பேன். "உங்க அம்மா இப்போ வந்துடுவாங்க" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. நாற்பது வயது ஆள்.

கோவிந்தன் வண்டி தெருமுனையில் இருந்தது. என் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, முகத்தை மூடி, ரிக்‌ஷாவில் ஏற்றி, முன்பக்கம் திரைத்துணியைக் கட்டிவிட்டேன். கோவிந்தன் என்னைப் பார்த்தார், துப்பட்டியைப் பார்த்தார். "யாருக்கா இது? கல்லு மாதிரி கனம் கீது."

"என் புருஷன். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

"சரிக்கா" என்றார். இந்த ஊரில் விளக்கம் கேட்காத ஒரே மனுஷர்.

வண்டி திரும்பவும் எதிரே மாமி குடையோடு. "யாருடி அது, மழையிலே?"

"அளவு குடுக்க வந்தாங்க மாமி. ராயப்பேட்டை."

துணிக்குக் கீழே ரெண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்தாள். "பொம்பளைக்கு எம்மாம் பெரிய காலு. பாவம், செருப்பு கிடைக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துப்பட்டி போனது போனதுதான். திரும்பி வந்தால் பார்ப்போம்.

16-10-46, புதன்

தூறல். சித்திரக்குளம் டீச்சர் ரவிக்கைக்கு ரெண்டும் வலது கையாகவே வெட்டித் தொலைத்தேன். துணி ஏற்கெனவே போதாது. அவளிடம் என்ன சொல்வது?

சாயங்காலம் கோவிந்தன்: "ஐயா பத்திரமா கீறாரு. தோசை வாங்கிக் குடுத்தேன். அம்மா எப்டி கீறாங்கன்னு கேட்டுக்கினே கீறாரு. பாவம்க்கா, பயந்துக்கினு."

பாவம்தான். அந்த மனுஷர் மேல் வெறுப்பு வரமாட்டேன் என்கிறது. வந்தால் சௌகரியமாக இருக்கும்.

மாமி ராத்திரிச் சோற்றுக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

17-10-46, வியாழன்

வானம் வெளுத்துவிட்டது. நல்ல வெயில்.

வக்கீல் வீட்டில் நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ரவிக்கைக்குக் காஜா எடுக்கிறேன் என்று சாக்கு. நூல் கோக்க முடியாமல் வக்கீலம்மாதான் கோத்துக் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு வக்கீல் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "குமாஸ்தாவைக் கோர்ட் வாசல்லயே நிக்க வெச்சிருந்தேன். யாரும் வரலை. நேர்லயும் வரலை, ஆள் மூலமாவும் வரலை. முடிஞ்சுது. இனி எத்தனை நாள் இத்தா காத்திருக்கணும்னு உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கோ."

வக்கீலம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "நாலாவது எப்போ?" என்றாள்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தேன். அழவில்லை, சிரிக்கவில்லை. பசித்தது. பட்டாணி வாங்கித் தின்றேன், தெருவில் நடந்துகொண்டே, யார் பெண்டாட்டியும் இல்லாமல்.

தெரு திரும்பும்போதுதான் உறைத்தது. காலையில் மகன் வருவார். மாமி அவரோடு போய்விடுவாள். ராயப்பேட்டையோ பினாங்கோ. போகாமல் என்ன, பெத்த பிள்ளை. நான் ஆறு வருஷம் குடும்பம் நடத்தினது மாமியோடுதான், அதற்குக் கோர்ட்டில் கேஸ் போட முடியாது.

18-10-46, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தார். ட்ரங்குப் பெட்டி, புதுச் சட்டை, அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கினது போல ஒரு நடை. பெட்டியைத் தூக்கி வந்தது கோவிந்தன். என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி அவர் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. அழுதுகொண்டே முதுகில் ரெண்டு அறை, பலமாக. அவரும் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளைகளைச் சொன்னார். மாமி பேர் கேட்டாள். பெண்டாட்டி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா என்று கேட்டாள். எல்லாம் ஆனபிறகு அவர் காலை நீட்டிக்கொண்டு, ஆறு வருஷம் போனதே தெரியாத மாதிரி, "ஜைனம்பு, தண்ணி" என்றார்.

நானும் சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பழக்க தோஷம் என்று சொல்லவும் முடியாது, நாற்பது நாள் பழக்கம்.

மாமி எழுந்து குறுக்கே நின்றாள். "நீ எங்கேடி வர்றே? உள்ளே போ. அந்நிய ஆம்பளை உட்கார்ந்திருக்கான்."

சொம்பை அவளே வாங்கிக்கொண்டு திரையை இழுத்துவிட்டாள்.

"அம்மா, நான் உங்க மகன்" என்றார் அவர்.

"எனக்கு மகன். அவளுக்கு யாரு?"

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷினை நிறுத்திவிட்டேன், காது கேட்கணுமே. ராத்திரிக்குப் பெரியத்தா வீட்டில் படுக்கை என்கிறாள் மாமி. நீங்களும் அங்கேதானே வரணும் என்கிறார் அவர். மாமி சொல்கிறாள்: "நான் எதுக்கு வரணும்? என் வீடு இது. நாளைக்கு வர்றப்ப வாசல்லயே நின்னு குரல் குடு. பொம்பளைங்க ரெண்டு பேர் தனியா இருக்கிற வீடு."