நடு மேசையில் இரண்டு பேர்

பொலோஞா,
டிசம்பர் 27

அன்பு மகன் லோரிசுக்கு,

அப்பாவும் நானும் உயிரோடு, குளிருக்கு அடக்கமாக, வயிறு நிறைந்து இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நீ வந்து மணியடித்துப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு விட்டோரினாவைப் பிடித்து விசாரித்திருப்பாய். அவளைத் திட்டாதே. வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்தேன். பதோவாவில் எட்டேகால் ரயிலைப் பிடித்தோம். கைபேசியை அணைத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நீ திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும் என்பதற்காக. நான் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கத்யா என்னை நடையில் நிறுத்தி, “அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. மாமா முன்னாடியே சமையலறையில சாப்பிட்டுட்டா அவருக்கும் சங்கடமில்ல. எங்கப்பா அம்மா வேற வந்திருக்காங்க” என்றாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் மருமகள். நீ பக்கத்தில் நின்றாய். ஒயின் புட்டியைக் கையில் வைத்து அதன் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாய். அதில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருந்தது, லோரிஸ்?

அப்பா குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அரைக் கோப்பை சூப்பைக் குடித்தார். நீங்கள் கூடத்தில் சிரித்த சிரிப்பெல்லாம் எங்களுக்குக் கேட்டது. முப்பத்தெட்டு வருடம் மொத்தச் சந்தையில் ஏலம் கூவிய மனிதர். சில்வானோ வாய் திறந்தால் மூன்றாவது கொட்டகையில் முட்டைக்கோஸ் விலை ஏறும் என்பார்கள். புற்று என்று நாக்கில் பாதியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள், சரி. சாப்பிடும்போது ஒழுகுகிறது, சரி. அதற்காக மகன் வீட்டில் முக்காலியா?

அன்று மாலையே டிக்கெட் எடுத்தேன். பொலோஞா, ரோமாபுரி, அதற்கப்பால் சிசிலி. போகிற ஊரில் எல்லாம் நல்ல உணவகமாகப் பார்த்து, உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம்.

இங்கே மதியம் சூப்பில் மிதக்கும் தோர்தெல்லினி சாப்பிட்டோம். விரல் நகத்தளவு மாவுப் பொட்டலம், உள்ளே இறைச்சி. அப்பா சின்னக் கரண்டியில் ஒவ்வொன்றாக எடுத்து, தலையை வலப்பக்கம் சாய்த்து, மெதுவாக மென்றார். நான் பையிலிருந்து துண்டை எடுத்தேன். “அதை உள்ள வை” என்றார். நான் சுவரோரமாக, சுவரைப் பார்த்த மேசையைத்தான் பிடித்திருந்தேன். நாலு பேர் பார்க்க அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஏழாம் தேதி காலை ஆஸ்பத்திரி என்று நீ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கு அந்தத் தேதியை வாங்க நீ எத்தனை பேரைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதியே வந்துவிடுவோம். அதுவரை எங்களைத் தேடாதே.

அம்மா
ஒர்னெல்லா


ரோமாபுரி,
டிசம்பர் 30

அன்பு லோரிஸ்,

என் முதல் கடிதம் கிடைத்ததோ இல்லையோ, நம் ஊர் தபாலைப் பற்றித் தெரிந்ததுதான். கிடைத்த பிறகு நீ கோபப்பட்டிருந்தால் படு. எனக்கும் இன்னும் ஆறவில்லை.

நேற்று நடந்ததைக் கேள். இங்கே தெஸ்தாச்சோ பேட்டையில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடை. வாசலில் நின்ற பெண் அப்பாவின் கன்னத்துத் தழும்பைப் பார்த்தாள், வாயோரத்தைப் பார்த்தாள். உள்ளே நாலைந்து மேசை காலியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. “உள் அறையில ஒரு மேசை இருக்கும்மா. உங்களுக்கு அமைதியா இருக்கும்” என்றாள். எட்டிப் பார்த்தேன். அறையாம் அறை! மேலங்கி மாட்டும் இடம்.

“அமைதி யாருக்கு வேணும்? இவரு சந்தையில வேலை பார்த்தவரு, இரைச்சல் இல்லாட்டி சோறு இறங்காது. அதோ, நடுவுல இருக்கே, அது போதும்” என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் அப்பா போய் உட்கார்ந்துவிட்டார்.

பரிமாற வந்தவர் எரால்தோ என்று ஒருவர், அறுபது வயதிருக்கும். நான் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தானே சொன்னார். அறுவைக்குப் பிறகு வெளியாள் ஒருவரிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. எட்டு மாதம், லோரிஸ். ரொட்டிக் கடையில்கூட நான்தான் பேசுவேன்.

எரால்தோவுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டவும் இல்லை. “சார், எனக்குப் பிடிபடல. உங்களுக்கும் அவசரமில்ல, எனக்கும் அவசரமில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். அப்பா சொன்னார். அதுவும் புரியவில்லை. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, பொய் சொல்லமாட்டேன். அப்பாவின் காது மடல் சிவந்துபோயிற்று. மூன்றாவது தடவை, சந்தையில் கூவுவாரே, அந்தக் குரலில் போட்டார். எரால்தோ தொடையைத் தட்டிக்கொண்டு, “மாட்டுவால்! அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா?” என்றார்.

அப்பா சிரித்தார். நான் சிரித்தேன். முன்மேசைக் கிழவர் ஒருவரும் சிரித்துவிட்டு, நல்லதைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றார்.

எல்லாரும் அப்படி இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாள், அப்பா எலும்பைக் கையில் எடுத்ததும் புருஷனின் காதைக் கடித்தாள். இருவரும் தட்டோடு வேறு மேசைக்கு மாறினார்கள். அப்பா ஒயின் கோப்பையை உயர்த்தி, போய்வாருங்கள் என்பதுபோல் அவளுக்கு வணக்கம் வைத்தார். எனக்குப் புரையேறிவிட்டது.

சாப்பிட்டு முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். குழம்பு சட்டையில் பாதி. விடுதியில் துவைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. இன்றும் அதையே போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். மாற்றச் சொன்னேன். “ஏன், நான் சாப்பிட்டேன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே” என்றார்.

புத்தாண்டு கழிந்த மறுநாள் தெற்கே போகிறோம். உனக்கும் கத்யாவுக்கும் நல்ல ஆண்டாக அமையட்டும். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்.

அம்மா


கத்தானியா,
ஜனவரி 4

லோரிஸ், என் கண்ணே,

இதை உட்கார்ந்து படி. அவசரமாகப் படிக்காதே.

முந்தாநாள் ரோமாபுரியிலிருந்து பகல் ரயிலில் வந்தோம். மெசினா ஜலசந்தியில் ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றினார்கள். மேல் தளத்துக்குப் போனோம். காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. அப்பா தானே போய் வரிசையில் நின்று, பொரித்த சோற்று உருண்டை ஒன்று வாங்கிவந்தார். பாதி வாய்க்குள், பாதி கோட்டின்மேல்.

அவர் சந்தோஷமாக இருக்கிறாரே என்று, நான் ஒரு வாரத்துக்குப் பிறகு கைபேசியைத் திறந்தேன். உன் செய்திகள் நாற்பதுக்கு மேல். கடைசிச் செய்தியைச் சத்தமாகப் படித்தேன்: “அம்மா, நான் செஞ்சது தப்புதான். வந்து என்னை அடிங்க. ஆனா ஏழாம் தேதி காலைல வெறும் வயித்தோட அப்பா அங்க இருக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.”

அப்பா கோட்டிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டார். “நான் போகல. ஆபரேஷன் வேணாம்னு இருபதாம் தேதியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அங்க குடுத்துட்டேன்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார். அவர் பேச்சு எனக்கு விளங்காமல் போனது அன்றைக்குத்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?” என்று கத்தினேன்.

“கேட்டா நீ விடமாட்டே.”

“விடமாட்டேன்தான்! நாப்பத்திமூணு வருஷமா உன்கூட இருக்கேன், போன்னு வழியனுப்பவா?”

“டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்டே. மிச்ச நாக்கும் போகும், குரலும் போகும். வயித்துல குழாய். அப்புறமும் எத்தனை மாசம்னு அவரே சொல்லல. எனக்கு வேணாம், ஒர்னெல்லா.”

நான் அவரை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலின் மறுபக்கம் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன், அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உடனே திரும்புகிற ரயிலில் இழுத்துக்கொண்டு போவது என்று முடிவுகூடச் செய்தேன். சிசிலிக் கரை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன். கடைக்காரனிடம் அவருக்காகப் பேசினேன். வாயைத் துடைக்கத் துண்டோடு அலைந்தேன். சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். உன்மேல் கோபப்பட்டு ரயிலேறினேன், ஆனால் அவரிடம் எதையும் கேட்காமல் நடந்துகொண்டதில் நீயும் நானும் ஒன்றுதான்.

திரும்பிப் போனபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். மூக்கு சிவந்திருந்தது, குளிரா அழுகையா தெரியவில்லை. “நீ போயிட்டா நான் என்ன பண்றது?” என்று கேட்டேன்.

“அது வரைக்கும் எங்கூட சாப்பிடு” என்றார். அந்த நாலு வார்த்தைக்கு அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நான் நடுவில் புகுந்து முடித்துவைக்கவில்லை.

ஆகையால் நாங்கள் ஐந்தாம் தேதி வரவில்லை. மீன் சந்தைக்கு மேலே ஒரு அறையும் அடுப்பும் பிப்ரவரி முடிய எடுத்திருக்கிறோம். இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தோம். வலிக்கு மருந்து தந்திருக்கிறார், வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். நல்ல பெண். அவளும் அப்பாவிடம் வாதாடிப் பார்த்தாள். அரை மணி நேரம். பிறகு, எந்தக் கடையில் என்ன சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

காலையில் அப்பா கீழே இறங்கி மீன்காரர்களோடு பேரம் பேசுகிறார். விரல், புருவம், அந்த ஓட்டைக் குரல், எல்லாவற்றாலும். அவர்கள் பேசுவது இவருக்கு விளங்கவில்லை, இவர் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை. “வடக்கத்தியான் எல்லாம் இப்படித்தான் பேசுவானுங்களா?” என்று ஒருவன் கேட்டான். “நல்லா பேசுறவனே இவர்தான்” என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, லோரிஸ். காலையில் அவர் தூங்கும்போது வாயருகே கை வைத்துப் பார்க்கிறேன். ஆனால் நான் அவர் பக்கம். டாக்டர்கள் கேட்டாலும் நீ கேட்டாலும் எனக்கு வேறு பதில் இல்லை. அந்தத் தேதியை வேண்டுகிற யாருக்காவது விட்டுவிடு.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை, குறைந்திருக்கிறது. நீயும் என்மேல் கோபமாகத்தான் இருப்பாய். இருந்துவிட்டுப் போ. அதைத் தீர்த்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று காத்திருக்காதே. கத்யாவையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குச் சங்கடமாக இருந்தால் முதல் நாள் சங்கடமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் கொண்டுவராதே. அப்பாவை மனம் மாற்றலாம் என்ற எண்ணத்தையும் கொண்டுவராதே. அவர் பேசும்போது அவர் முகத்தைப் பார். புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல். அவர் சொல்வார்.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் ரயிலேறு, மகனே. வழியில் எதையும் சாப்பிட்டுவிடாதே, பசியோடு வா.

உன் வழி பார்த்து,
அம்மா